பஸ் மாறாத தூரம்

மாலத்தீவின் தலைநகரான மாலிக்குரிய விமான நிலையம் ஒரு தனித் தீவு. அங்கிருந்து தெற்கே, நிலநடுக்கோட்டை ஏறக்குறைய எட்டிப் பிடிக்கும் இடத்தில் காதெத்தூ என்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. அதுவும் தனித் தீவுதான். இரண்டுக்கும் நடுவே ஆகாய வழியில் நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விமானம் ஒரு மணி நேரமும் கொஞ்சம் கொசுறும் எடுத்துக்கொள்ளும். கணினியில் இரண்டு பெயர்களையும் தட்டினால் யாருக்கும் கிடைக்கிற தகவல் இது. அதே தூரத்தைத் தரையில் போனால் விழுப்புரத்தில் புறப்பட்டு, மதுரையைத் தாண்டி, கோவில்பட்டி வரை போய்விடலாம் என்று நானாகக் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

என் அத்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நடுவுல எறங்கி மாறணுமா?"

மாற வேண்டாம் என்றார்கள்.

"அப்பறம் இன்னா? ஒரே பஸ்ஸு" என்றாள். அந்தப் பேச்சில் என் தங்கையின் கல்யாணம் முடிவாயிற்று. முறிந்ததும் அதே பேச்சில்தான்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். அவள் விழுப்புரத்தில், நாங்கள் திண்டிவனத்தில். உலகத்திலுள்ள ஊர்களை அவள் ஒரே பஸ், ரெண்டு பஸ் என்று பிரித்து வைத்திருந்தாள். அதற்கு மேல் போனால் பெயர் கிடையாது, வலது கையை ஒரு தடவை உதறுவாள், அவ்வளவுதான். மனிதர்களுக்கும் அதுவே அடையாளம். மாமாவின் கடைசித் தங்கை செஞ்சியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் இருந்தாள். அவள் பெயரை அத்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. "நேத்து ரெண்டு பஸ்ஸுக்காரி வந்திருந்தா. கேப்பை மாவு குடுத்துட்டுப் போனா" என்பாள். கண் டாக்டர், ஜவுளிக்கடை, நேர்த்திக்கடன் எல்லாவற்றையும் இந்த அளவுகோலில்தான் தேர்ந்தெடுத்தாள். அவள் வீட்டு மாடியிலிருந்து ரயில் சத்தம் கேட்கும். விழுப்புரம் ஜங்ஷனில் நிற்காத ரயில் குறைவு. அத்தை ஒன்றில்கூட ஏறியதில்லை. "ரயிலு அவன் நேரத்துக்குப் போவும். பஸ்ஸுன்னா கைய நீட்டினா நிக்கும்" என்பது அவள் தரப்பு.

"உங்க அத்த என்னையா கட்டிக்கினா? கவர்மெண்டு பஸ்ஸத்தான் கட்டிக்கினா. நான் சும்மா கண்டக்டரு" என்பார் மாமா. அவர் எண்ணெய்ச் செக்கில் வேலை பார்த்தவர்.

அத்தை பஸ் ஏறுவதைப் பார்க்க வேண்டும். இடுப்பில் ஒயர் கூடை, கூடையில் எங்களுக்கு மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் அவித்த வேர்க்கடலை, அவளுக்கு ஒரு எலுமிச்சம்பழம். படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மற்றக் காலைத் தரையிலிருந்து எடுக்காமல், கண்டக்டரைக் கேட்பாள்: "உள்ள போவுமா, பைபாஸா?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்சிப் பக்கமிருந்து சென்னை போகும் பஸ்களில் பல திண்டிவனம் ஊருக்குள் வராது. புறவழிச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஊருக்குள் வர வேண்டும். அதை இன்னொரு பஸ்ஸாகவே அத்தை கணக்கில் வைத்தாள். கண்டக்டர் பைபாஸ் என்றால் காலை எடுத்துவிடுவாள்.

ஒரு தடவை உள்ளே போகும் என்று சொன்ன கண்டக்டர் பைபாஸில் விசில் ஊதிவிட்டார். அத்தை எழுந்திருக்கவில்லை.

"எறங்கும்மா, திண்டிவனம் வந்துடுச்சி."

"இது திண்டிவனமா? எங்க, மணிக்கூண்டக் காட்டு பாக்கலாம்."

"பைபாஸுதாம்மா போவும். நேரமாவுது, ஜல்தியா எறங்கு."

"நீ உள்ள போறேன்னு சொல்லித்தான் ஏத்தின. உள்ள போயி எறக்கு."

மேல்மருவத்தூர் வரை போனாள். அங்கே இறங்கி, எதிர்ப்பக்கம் வந்து, உள்ளே போகும் பஸ் எது என்று கேட்டுக் கேட்டு, பொழுது சாய எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மல்லாட்டை ஊசிப்போயிருந்தது. ஜெயித்துவிட்டு வந்தவள் போல அந்தக் கதையைச் சொன்னாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது என் தங்கை. அத்தை போலவே ஒரு காலைத் தூக்கி வைத்து நடித்துக் காட்டுவாள். அத்தைக்கும் அவள்மீதுதான் பாசம் அதிகம்.

குடும்பத்துக் கல்யாணங்கள் பெரும்பாலும் அத்தை பேசி முடித்தவை. பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இறந்த தேதி மூன்றையும் விசாரித்து வைப்பது என் வழக்கம். அத்தை முடித்த சம்பந்தங்களை ஒரு வரைபடத்தில் குறித்தபோது மதுராந்தகம், மேல்மருவத்தூர், திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை என்று புள்ளிகள் விழுந்தன. அது எங்கள் வம்ச வரைபடம் அல்ல, திருச்சி நெடுஞ்சாலையின் படம்.

இந்தப் பிடிவாதம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல.

அத்தையை மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தது மேல்மலையனூரைத் தாண்டி ஒரு கிராமத்தில். திண்டிவனத்திலிருந்து போக மூன்று பஸ் மாற வேண்டும். தாத்தா திண்டிவனத்தில் இறந்தது ஒரு அமாவாசை. இதைப் பலரிடம் விசாரித்து உறுதி செய்திருக்கிறேன். அமாவாசைக்கு முந்தைய நாள் என்று சின்னத்தாத்தா மகன் சொல்வது தவறு. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசை என்றால் ஜனம் எப்படி வரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் வரும் பஸ் எல்லாம் பிதுங்கிக்கொண்டு வரும், திரும்பிப் போக வழி கிடைக்காமல் வரிசையாக நிற்கும். ஆள் வந்து சாவுச் சேதி சொல்லி, அத்தை ரோட்டுக்கு வந்து நின்றாள். நிற்காத பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச தூரம் நடந்து, மாட்டு வண்டி, பிறகு லாரி என்று மாறி மாறி அவள் திண்டிவனம் வந்தபோது சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். தன் அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

வாசலில் விழுந்து அழுதவளைத் தெருவே பார்த்தது. யாரோ ஒரு பெண் சொன்னாளாம்: "மூணு பஸ்ஸுன்னா இன்னா, முப்பது பஸ்ஸா? மனசு இருந்தா வந்திருக்க மாட்டாளா?"

சொன்னது யார் என்று அத்தை கடைசி வரை சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷமே மாமாவின் பங்கு நிலத்தை அவர் தம்பிக்கு விட்டுவிட்டு, அவரைக் கிளப்பிக்கொண்டு விழுப்புரம் வந்துவிட்டாள். விழுப்புரத்தில் என்ன வேலை, என்ன வீடு என்று எதுவும் தெரியாது. திண்டிவனத்துக்கு ஒரே பஸ் என்பது மட்டும் தெரியும்.

என் தங்கை நர்ஸ். படித்து முடித்து, சென்னையில் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, மாலியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள். மாலிக்கும் விமான நிலையத் தீவுக்கும் பாலம் போடாத காலம் அது. விமானத்தை விட்டு இறங்கிப் படகு பிடித்துத்தான் ஊருக்குள் போக வேண்டும். அத்தை அவளை வழியனுப்ப வந்து, வாசலில் நின்று, வலது கையை உதறினாள்.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பெருமுக்கல். மல்லாட்டை போடும் நிலமும் கிணறும் உள்ள குடும்பம். பையன் கணக்கு வாத்தியார், அவனும் மாலத்தீவில்தான். ஆனால் தெற்குக் கோடியில் ஒரு சின்னத் தீவின் பள்ளிக்கூடத்தில். பெண் பார்க்க வந்தபோது அப்பா தயங்கினார்.

"ஒரே நாடுதான், இல்லேங்கல. ஆனா இவ ஒரு மூலை, அவரு ஒரு மூலை. கட்டிக் குடுத்துட்டு ரெண்டு பேரும் தனித்தனியா இருந்தா நல்லாவா இருக்கும்?"

அத்தை மாப்பிள்ளையின் எதிரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, நீ இருக்கற எடத்துலேர்ந்து இவ இருக்கற எடத்துக்கு எத்தினி பிளேனு?"

"ஒன்னுதாங்க."

"நடுவுல எறங்கி மாறணுமா?"

"வேணாங்க. நேரா போவும்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம், கொஞ்சம் மேல ஆவும்."

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியாடா? நான் விழுப்புரத்துல ஏறி ஒன் ஊட்டு வாசல்ல வந்து நிக்கற நேரம். ஒரே பஸ்ஸு. இதுக்குப் போயி மூலைங்கற, முடுக்குங்கற."

எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து தங்கை சிரித்ததும் கேட்டது. "அதுக்கு முன்னாடி ஒரு படகு இருக்குதுங்க..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தான். அதற்குள் அத்தை வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

கல்யாணம் கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில். தை என்று அப்பா இன்னும் சொல்கிறார், தை அல்ல. அங்கே பள்ளிக்கூடத்துக்கு டிசம்பரில்தான் நீண்ட விடுமுறை, மார்கழி பிறந்துவிட்டால் தாலி கட்ட முடியாது, அந்த இடுக்கில் வைத்த கல்யாணம்.

முதல் ஒன்றரை வருஷம் நல்லபடியாகவே போயிற்று. கிடைக்கும் விடுமுறையில் அவன் மாலிக்கு வருவான், இல்லாவிட்டால் இவள் போவாள். அத்தையின் பேச்சு அவர்கள் இருவருக்கும் செல்லப் பேச்சாகிவிட்டது. புறப்படும்போது அவன் அனுப்பும் செய்தி எப்போதும் ஒன்றுதான்: "ஒரே பஸ் ஏறிட்டேன்." தங்கை அதை எனக்கு அனுப்பிச் சிரிப்பாள். நானும் அத்தையிடம் காட்டுவேன். "பாத்தியா, நான் சொல்லல?" என்பாள்.

தங்கைக்கு ஐந்தாம் மாதம். ஆடி. நம் பக்கம் புழுதிக் காற்று அடிக்கும்போது அங்கே கடல் கொந்தளிக்கும். வேலையில் இருந்தபோதே அவளுக்கு வலி கண்டு, அதே மருத்துவமனையில் சேர்த்தார்கள். குழந்தை தங்கவில்லை. அவள் வழக்கமாக மற்றவர்களுக்குப் படுக்கை விரிக்கிற வார்டில் அவளே கிடந்தாள். அவன் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான்.

அவனுடைய பள்ளிக்கூடம் ஒரு தீவு. விமானம் இறங்குகிற இடம் வேறு தீவு. நடுவே விசைப்படகில் போக வேண்டும். காற்று கடுமையாக இருந்ததால் படகுகள் கடலில் இறங்கக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். முதல் நாள் முழுக்கத் துறையில் நின்றான். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு படகு கிளம்பியது, போய்ச் சேர்ந்தபோது விமானம் போயிருந்தது. விமான தூரமும் பயண நேரமும் என்று எங்கும் போட்டிருப்பது ஓடுபாதையிலிருந்து ஓடுபாதை வரைக்கும்தான். அந்த இரண்டு ஓடுபாதைகளிலும் யாரும் குடியிருப்பதில்லை.

தங்கைக்கு இதெல்லாம் தெரியும். வந்தவனின் உப்புப் படிந்த சட்டையை அவளே துவைத்துப் போட்டதாகச் சொன்னாள். அவனுக்கு விடுப்பு தீர்ந்தது. இவளை உடம்பு தேற ஊருக்கு அனுப்பினான்.

அத்தை மறுநாளே வந்துவிட்டாள். ஒயர் கூடையில் பூண்டு, நல்லெண்ணெய், கருப்பட்டி. ராத்திரி பகல் பார்க்காமல் தங்கைக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டாள், எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த நாட்களில் அம்மாவைவிட அத்தைதான் அவளைப் பார்த்துக்கொண்டாள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தான். அம்மாவின் போனை அத்தை எடுத்தாள். போனைக் காதில் வைத்துப் பேச அவளுக்கு வராது. ஸ்பீக்கரைப் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி முன்னால் பிடித்துக்கொள்வாள். கூடத்தில் அப்பா, அம்மா, நான். உள் அறையில் கதவு திறந்திருக்க, தங்கை படுத்திருந்தாள்.

"மாப்ள, நான்தான், விழுப்புரம்."

"சொல்லுங்க பெரியம்மா. நல்லா இருக்கீங்களா?" முறைப்படி அவனுக்கு அவள் பெரியம்மா.

"நான் நல்லா இருக்கறது இருக்கட்டும். அன்னிக்கி ஏன் வரல நீ?"

"படகு உடலீங்க பெரியம்மா. காத்துங்க. ரெண்டு நாளா தொறையிலயேதான் கெடந்தேன்."

"படகு கதய உடு. ஒரு மணி நேரம். ஒரே பஸ்ஸு. எறங்கி மாறக்கூட வேணாம். இதே கூடத்துல குந்திக்கினு நீதான சொன்ன?"

"சொன்னேங்க. அது பிளேனுக்குங்க. பிளேனு நிக்கற தீவுக்கு நான் மொதல்ல வரணும் இல்லீங்களா?"

"அக்கா, போனக் குடு" என்று அப்பா கையை நீட்டினார். அத்தை கையைத் தட்டிவிட்டாள்.

"பொண்டாட்டி அங்க செத்துப் பொழைக்கறா. வரணும்னு இருந்தா நீந்தியாவது வந்திருப்ப. மனசு இல்லன்னு சொல்லு."

எதிர்ப்பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது.

"சரிங்க பெரியம்மா. மனசு இல்லன்னே வெச்சிக்கோங்க."

கோபத்தில் சொன்னான். கூடத்தில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் அது கோபம் என்று தெரிந்தது. அத்தை போனை உள் அறைப் பக்கம் தூக்கிக் காட்டினாள். "கேட்டுக்கினியாடி? அவன் வாயாலயே சொல்லிட்டான்."

தங்கை எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். துறையில் நின்றதும், உப்புச் சட்டையும் அவளுக்குத் தெரிந்தவைதான். ஆனால் மூன்று நாள் தனியாகக் கிடந்தவளின் காதில் இந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் அத்தையை மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போய் அவள் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன்.

"அத்த, அந்த ஏர்போர்ட்டு நம்ப பைபாஸு மாதிரி. பிளேனு ஊருக்குள்ள போவாது. பைபாஸ்ல எறக்கிட்டுப் போயிடும்."

முதன்முறையாக அவள் முகம் கொஞ்சம் யோசித்தது. பிறகு, "பைபாஸ்லேர்ந்து ஷேர் ஆட்டோ இருக்கும்ல?" என்றாள்.

"கடல்ல ஏது அத்த ஷேர் ஆட்டோ? அதுக்குத்தான் படகு. அது ஓடல."

"அப்ப அத மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"சொல்ல வந்தாரு. நீதான் தட்ட எடுத்துட்ட."

"நீ இன்னா, அவனுக்கு வக்கீலா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

நிற்காத பஸ்களைப் பார்த்துக்கொண்டு ரோட்டில் நின்றவள்தான் அவள். கிளம்பாத படகைப் பார்த்துக்கொண்டு ஒருவன் நின்றான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. இதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

டிசம்பரில் அவன் பெருமுக்கல் வந்தான். பெருமுக்கல்லிலிருந்து திண்டிவனம், மரக்காணம் ரோட்டில் ஒரு டவுன் பஸ் தூரம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் முதலில் வந்தார்கள். "சின்னஞ்சிறுசுங்க. நாலு வார்த்த முன்ன பின்ன இருக்கும். பொண்ண அனுப்புங்க, அவனப் பாத்தா எல்லாம் சரியாப் பூடும்" என்றார் அவனுடைய அப்பா.

"பையன் எங்க?" என்றாள் அத்தை. அவள் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

"ஊட்லதாங்க இருக்கான்."

"கடலத் தாண்டி வந்தவனுக்குப் பெருமுக்கல்லேர்ந்து ஒரு டவுன் பஸ்ஸு கெடைக்கலையாமா?"

அவர்கள் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். விழுப்புரத்துப் பெரியம்மா இருக்கிற வீட்டில் காலை வைக்க மாட்டேன், பெண்டாட்டி தானாக வந்தால் வரட்டும் என்று அவன் சொன்னதாகப் பிறகு சேதி வந்தது. தங்கையோ அவன் வரட்டும் என்று இருந்தாள். நான் போய் அழைத்து வருகிறேன் என்றதற்கு, "கூட்டிக்கினு வந்தா அது வந்ததாண்ணா?" என்று கேட்டாள். துணி உலர்த்த மாடிக்குப் போகிறவள் பெருமுக்கல் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்தபடி கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இறங்கி வர நேரமாகும். மார்கழி இப்படியே போயிற்று. பொங்கலுக்கு முன்பே அவனுக்கு விடுமுறை முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வக்கீல்களின் வேலை. இரண்டு வருஷத்தில் தீர்ந்தது. அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான், அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு அதே தீவுக்குப் போய்விட்டான் என்று கேள்வி. தங்கை மாலிக்குத் திரும்பவில்லை. திண்டிவனத்திலேயே ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்ந்தாள். தீர்ப்பு வந்த அன்று வீட்டுக்கு வந்த அத்தை, "போவட்டும் உடு. ஒரே பஸ்ல ஒரு நல்ல எடமாப் பாக்கறேன்" என்றாள். தங்கை அவளுக்குச் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், தண்ணீர் வைத்தாள். அத்தையைப் போல நடித்துக் காட்டுவதை அவள் நிறுத்திப் பல நாளாகியிருந்தது.

கொரோனா அடங்கிய வருஷத்தில் மாமா போய்விட்டார். அடுத்த ஆனியில் அத்தைக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு போகவில்லை, கால் போயிற்று. உதறிக்காட்டும் அந்தக் கை மடியில் கிடந்தது. அவள் மகன் சென்னையில் வேலை, வாரம் ஒரு தடவை வருவான். பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்திருந்தான். நான் மாதம் ஒரு தடவையாவது போவேன். கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கே உள்ளிருந்து குரல் வரும்.

"அவ வந்திருக்காளா?"

"டூட்டி அத்த. அடுத்த வாரம் வர்றேன்னா."

"பஸ்ஸு இருக்குதில்ல?"

"இருக்குது."

"உள்ள வர்ற பஸ்ஸாப் பாத்து ஏறச் சொல்லு. பைபாஸ்ல எறங்கினான்னா பேஜாரு."

தங்கையிடம் வந்து சொல்வேன். "ஒரே பஸ்தான, போறேண்ணா" என்பாள், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல். போக மாட்டாள். ஒரு தடவைகூடப் போகவில்லை. அத்தைக்கு என்ன மருந்து தருகிறார்கள் என்று கேட்பாள், அளவு அதிகம், டாக்டரிடம் சொல் என்பாள், படுக்கைப் புண் வராமலிருக்கத் தூள் வாங்கிக் கொடுத்தனுப்புவாள். அந்தத் தூள் டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்: "எங்க பொண்ணு குடுத்தனுப்பினது. அவளே வரணும்னுதான் இருக்கா. டூட்டி உடமாட்டேங்கறான்."

மாப்பிள்ளை அன்றைக்குச் சொன்ன காரணத்தை நம்பாதவள், இந்தக் காரணத்தைத் தானாகவே உண்டாக்கி நம்பினாள்.

போன பங்குனியில் ஒரு விடிகாலை அத்தை இறந்தாள். நான் உடனே போய்விட்டேன். தங்கைக்குப் போன் செய்தேன். "வர்றேண்ணா" என்றாள். மகன் சென்னையிலிருந்து வந்தான். உறவெல்லாம் சேர்ந்தது. எடுக்கலாம் என்றபோது, திண்டிவனத்திலிருந்து பெண் வர வேண்டும், அவளை மகள் மாதிரி வளர்த்தாள், கொஞ்சம் பொறுங்கள் என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். வெயில் ஏறியது. பாடை கட்டுகிறவர்கள் பந்தல் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி போன் செய்தேன்.

"எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கேன்."

அவளுக்குப் பின்னால் கண்டக்டர்கள் கூவுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. விழுப்புரம், விழுப்புரம், நேரா விழுப்புரம். ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அடுத்தது வந்து நின்றது.

"ஏறிட்டியா?"

"இல்லண்ணா."

"கூட்டமா?"

"கூட்டம் இல்ல. வந்து வந்து போவுது. சீட்டு காலியாத்தான் இருக்குது." இன்னொரு பஸ் கிளம்பிப் போனது. பிறகு சொன்னாள்: "மனசு இல்லண்ணா. எடுத்துடச் சொல்லு."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"பஸ்ஸு கெடைக்கலையாம். நீங்க எடுங்க" என்றேன்.

மாமாவின் கடைசித் தங்கை, அந்த ரெண்டு பஸ்ஸுக்காரி, அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். செஞ்சிக்கு அப்பாலிருந்து பஸ் மாறி, எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தவள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸு கெடைக்கலையா? நான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்து குந்திக்கினு இருக்கறேன். ஒரே பஸ்ஸுல வர்றதுக்கு இன்னா? மனசு இல்லன்னு சொல்லு."

எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சு மூன்று பேர் மேல் விழுந்திருக்கிறது. முதலில் அத்தை மேல். பிறகு மாப்பிள்ளை மேல். அந்த இரண்டு தடவையும் அது பொய்.

"பஸ்ஸு கெடைக்கலையாம் அத்த" என்று அத்தையின் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னேன்.